மிலுக்கு யார் வைத்த பெயர்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய் என்று தெரியும். மெசேஜ் அனுப்பலாமென்றால் என்னிடம் இருப்பது ஆபீஸ் கொடுத்த போன். அதில் போவது வருவது எல்லாம் எங்கோ பதிவாகிறது. அதனால்தான் காகிதம். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெதற்கும் பேனாவைத் தொட்டு வெகுநாளாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் சில நாளில் உன் கடைக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வரும். எங்கள் கம்பெனி அனுப்புவது. பார்த்ததும் பயந்துவிடாதே.

என் வேலை என்னவென்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. சார்ஜர், இயர்போன், பவர்பேங்க் செய்கிற கம்பெனி என்பதுவரை உனக்குத் தெரியும். அந்தக் கம்பெனியின் பெயருக்குக் காவல் இருப்பதுதான் என் வேலை. மூன்றாவது மாடி, திறக்க முடியாத ஜன்னல், நான்கு மேசை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு பட்டியல் காத்திருக்கும். 'மிலுக்' என்ற எங்கள் பெயரைப் போலவே இருக்கிற பெயர்கள் எங்கெங்கே முளைத்திருக்கின்றன என்று ஒரு சாஃப்ட்வேர் தேடி எடுத்து வைத்திருக்கும். மிலூக், மிலக்ஸ், மி-லுக், நியூ மிலுக், ஒரிஜினல் மிலுக். இணையத்தில் விற்பவர்கள், புதிதாகப் பதிவுக்கு வந்த பெயர்கள், தெருத் தெருவாகப் போய் எடுத்த கடைப் பலகைப் படங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, போலியா, ஒத்த பெயரா, சம்பந்தமில்லாததா என்று டிக் அடிக்க வேண்டும். வாரத்துக்கு நாற்பது நோட்டீஸ் போகிறது. வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்கிறேன். திறந்திருந்தால் தெருவிலுள்ள எல்லாப் பலகைகளையும் படித்துக்கொண்டே வருகிறேன்.

போன திங்கட்கிழமைப் பட்டியலில் நாற்பத்தொன்றாவது வரி உன் கடை. படத்தில் 'மிலுக்கு' என்ற பலகை இருந்தது. வாசலில் ஒரு பழைய டிவிப் பெட்டி, அதன்மேல் ஒரு பூனை. கண்ணாடிக்குப் பின்னால் குனிந்து ஏதோ வேலையாக இருந்தது நீதான் என்று நினைக்கிறேன். தலை நன்றாக நரைத்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்பும் ஒருமுறை வந்தது. 'சம்பந்தமில்லை' என்று குறித்து ஒதுக்கிவிட்டேன். இப்போது அப்படி முடியாது. ஒருவர் ஒதுக்குவதை இன்னொருவரும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டு, "சார், இது அப்படியே நம்ம பேரு சார். ஒரு எழுத்துதான் கூட. எப்படி சம்பந்தமில்லன்னு போட்டீங்க?" என்றார். கண் அசந்துவிட்டது என்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். பலகையை மாற்றிவிடு. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்திருப்பார்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். சண்டை போட யாருக்கும் தெம்பு இருப்பதில்லை.

பாப்பா எப்படி இருக்கிறாள்?

தம்பி

*

ஜூன் 9

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்பே நோட்டீஸ் வந்துவிட்டது. பயப்படாதே என்று நீ சொல்வதற்குள் நான் பயந்து முடித்திருந்தேன்.

மொத்தம் ஆறு பக்கம். எனக்குப் புரிந்தவரை, உங்கள் கம்பெனியின் நற்பெயரைத் திருடி நான் பிழைக்கிறேன். பொதுமக்களை ஏமாற்றுகிறேன். 'கெட்ட எண்ணத்துடன்' என்று நான்கு இடத்தில் போட்டிருக்கிறது.

பொதுமக்கள் குழம்பியிருப்பது என்னவோ உண்மை. உங்கள் சார்ஜர் சூடாகிறது என்று என் கடைக்கு வந்து சண்டை போடுகிறார்கள். "உங்க கம்பெனி பொருள்தானே, மாத்திக் குடுங்க" என்கிறார்கள். இல்லை என்றால் வெளியே கூட்டிப் போய் என் பலகையை எனக்கே காட்டுகிறார்கள். வாய் வலித்துப்போய்ச் சரிசெய்து கொடுத்தனுப்புகிறேன். உங்கள் நற்பெயரை நான் திருடினேனா, ரிப்பேர் செய்தேனா என்று அந்த வக்கீலைக் கேட்டுச் சொல்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. எங்கள் வீட்டில் தங்கித்தான் நீ படித்துக்கொண்டிருந்தாய். பாப்பாவுக்கு இரண்டு வயது. ரேடியோக்களைச் சோதிக்க உன் அத்தான் மேசையில் ஒரு டெஸ்ட் லாம்ப் வைத்திருப்பார். அது மினுக்கென்று எரிந்தால் பாப்பா கைதட்டி "மிலுக்கு! மிலுக்கு!" என்பாள். மினுக்கு அவள் வாயில் நுழையாது. "கடைக்கு இதையே பேரா வச்சிடலாம் அத்தான்" என்றது நீ. அத்தான் பலகையோடு ஏணியில் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நீ. முதல் மாதத்தில் மூன்று பேர் 'மில்க்கு' என்று படித்து, பாத்திரத்தோடு வந்து பால் இருக்கிறதா என்று கேட்டார்கள். அத்தான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அவர் போய்ப் பதினெட்டு வருடம். அவர் வேலையை நான் கற்றுக்கொண்டு நடத்துகிறேன். ரேடியோ போய் டிவி வந்தது, டிவி போய் செல்போன் வந்தது. பலகை மட்டும் அதே பலகை.

ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு வாடிக்கையாளர் கையில் உங்கள் அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டு உனக்குப் போன் செய்தேன். "தற்செயல்க்கா. உலகத்துல ஒண்ணுபோல எத்தனையோ பேரு இருக்கும்" என்றாய். அன்றைக்கு வைத்த போன்தான்.

இன்றைக்கும் அதே கேள்வி. அவர்களுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தது யார்? சுற்றி வளைக்காமல் எழுது. பலகையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அக்கா

பாப்பா நன்றாக இருக்கிறாள். வேறு ஊரில் நர்ஸ்.

*

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

நான்தான் கொடுத்தேன்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். அதனால் எதுவும் சின்னதாகிவிடாது என்று தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்பு கம்பெனி தொடங்கியபோது நாங்கள் பன்னிரண்டு பேர், இரண்டு அறை. பொருள் தயார், பெயர் இல்லை. பெயர் சொல்வதற்கென்றே ஒரு ஆளை வரவழைத்திருந்தார்கள். அவர் சொன்ன எல்லாப் பெயரையும் ஏற்கெனவே யாரோ பதிவு செய்து வைத்திருந்தார்கள். நான்கு நாள் போயிற்று. வெள்ளைப் பலகை முழுவதும் அடித்த பெயர்கள். முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓரத்தில் சார்ஜர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் விளக்கு எரிந்தது. வாய் தானாக "மிலுக்கு" என்றது.

முதலாளி திரும்பினார். "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல சார். எங்க வீட்ல ஒரு குழந்தை சொன்ன வார்த்தை."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிடத்தில் கடைசி எழுத்தை வெட்டி வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டார்கள். கைதட்டினார்கள், அக்கா. அதுவரை அந்த அறையில் என் பெயரைக்கூடச் சரியாகச் சொன்னவர் இல்லை.

அப்போதே, இந்தப் பெயரில் எங்கள் அக்கா கடை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். 'இது என் சொந்தக் கற்பனை; எனக்குத் தெரிந்தவரை வேறு எவரும் வியாபாரத்தில் பயன்படுத்தவில்லை' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதம் இன்னும் கம்பெனிப் பெட்டகத்தில் இருக்கிறது. பெயரைக் கொடுத்தவன் என்பதால்தான் பெயரைக் காக்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள்.

நீ போன் செய்த அன்று தற்செயல் என்று சொன்னது பொய். சொல்லி முடித்த பிறகு ஆபீஸ் கழிப்பறையில் போய் நெடுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அன்றைய பட்டியலில் டிக் அடித்தேன்.

வாரத்துக்கு நாற்பது பேரைப் பார்த்து நான் திருடன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரிக்குக்கூட இது தெரியாது.

தம்பி

*

ஜூன் 26

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் கடையில் எதையும் சரியாகச் செய்யவில்லை. ஒரு போனின் ஸ்கிரீனை நானே உடைத்துவிட்டேன். அந்தப் பையனுக்குப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கோபத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கக் கை வலிக்கிறது.

எங்கள் தெரு முனையில் ஒரு வக்கீல் இருக்கிறார். பத்திரம் எழுதுபவர், என் பழைய வாடிக்கையாளர். நோட்டீஸைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நீங்க எப்போலேர்ந்து இந்தப் பேர வச்சிருக்கீங்க?" என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார். "அம்மா, பதிவு பண்ணவங்களைவிட முன்னாடியே உபயோகிச்சவங்களுக்குத்தான் பலம் ஜாஸ்தி. தேதியோட ஆதாரம் குடுங்க. அவங்க பதிவையே ஆட்டி வச்சிடலாம்."

கடை உரிமத்தைத் தேடினேன். அதில் உன் அத்தான் பெயர் இருக்கிறது, கடைப் பெயர் இல்லை. பழைய பில் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது. கடைசியில் ஒரு போட்டோ கிடைத்தது. பலகை மாட்டிய அன்று எடுத்தது. பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை, தேதியோடு. ஏணியில் அத்தான், இடுப்பில் பாப்பாவோடு நான், ஏணியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டியபடி நீ.

போட்டோவை வக்கீலிடம் காட்டினேன், கையில் கொடுக்கவில்லை. "இது போதும்மா, பிரமாதம்" என்றவர், "கீழ நிக்கறது யாரு?" என்றார். சொந்தக்காரப் பையன் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. பதில் எழுத இன்னும் முப்பது நாள் கேட்டு வாங்கியிருக்கிறார்.

இன்னொன்று. பாப்பா போன வருடம் கடையை இணைய வரைபடத்தில் சேர்த்துக் கொடுத்திருந்தாள். ஒரு வாரமாக அதில் கடையைக் காணவில்லை. வெளியூரிலிருந்து பழுது பார்க்க அனுப்புகிறவர்கள், கடையை மூடிவிட்டீர்களா என்று கேட்கிறார்கள். இதுவும் நீயா?

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான். உன் கடை என்று தெரிந்து செய்யவில்லை. வரைபடத்திலிருந்து நீக்கச் சொல்ல வேண்டிய அறுபது கடைகள் ஒரே பக்கத்தில் வந்தன. 'எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அழுத்தினேன். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் காரணம்.

நேற்று மேலாளரிடம் பேசினேன். எங்கள் பிரிவுக்குத் தலைமை ஒரு பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் நியாயம் தெரிந்தவர். "நாப்பத்தொண்ணாவது வரி ஒரு சின்ன ரிப்பேர் கடை மேடம். நமக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்ல. விட்டுடலாமே" என்றேன்.

"சின்னதுன்னு ஒண்ண விட்டா, நாளைக்குப் பெரியவன் கோர்ட்ல அதையே எடுத்துக் காட்டுவான். அவங்களைக் கேக்கல, என்னை மட்டும் ஏன் கேக்கறீங்கம்பான். நாம காப்பாத்தாத பேரு நம்ம பேரே இல்ல. இத்தனை வருஷம் இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

அதோடு இப்போது நேரமும் சரியில்லை. ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கப் போகிறது. அவர்கள் வாங்குவது முக்கியமாகப் பெயரைத்தான்; கட்டடமும் மேசைகளும் அவர்களுக்கு எதற்கு? மாதக் கடைசிக்குள் பெயரின்மேல் எந்தத் தகராறும் இல்லை என்று காட்டியாக வேண்டும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இதோடு ஓர் ஒப்பந்தத்தை வைத்திருக்கிறேன். பெயர் கம்பெனிக்குச் சொந்தமென்று நீ ஒப்புக்கொள்கிறாய். உன் கடையில் மட்டும் அதை வைத்துக்கொள்ளக் கம்பெனி உனக்கு அனுமதி தருகிறது. நானே எழுதினேன். கடுமையான வரிகள் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டால் பலகை அப்படியே இருக்கும். வரைபடத்தில் கடை திரும்ப வந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தம்பி

*

ஜூலை 11

தம்பிக்கு,

ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். என் வீட்டுக்குள் நான் போய்வர எனக்கே ஓர் அனுமதிச் சீட்டு, மரியாதையான வார்த்தைகளில்.

பாப்பாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளாவது கொதிப்பாள் என்று நினைத்தேன். இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "நான் அப்படி சொன்னதே எனக்கு ஞாபகமில்லம்மா. ஒரு பேருதானே. மாமா பாவம், விட்டுடு" என்றாள். உடனே தூங்கிப்போய்விட்டாள், மூச்சுச் சத்தம் கேட்டது. யாருடைய வார்த்தைக்காக நாம் இரண்டு பேரும் இப்படி மல்லுக்கு நிற்கிறோமோ, அவளுக்கே அது வேண்டாமாம்.

மறுநாள் பெயின்டரை வரச்சொன்னேன். பலகையைக் கழற்றி வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, "புதுப் பேரு என்னம்மா?" என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். அவர் டீ குடித்துவிட்டு வந்தார். இன்னும் கொஞ்சம் யோசித்தேன். "இன்னொரு நாள் வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பலகை இன்னும் தரையில்தான் இருக்கிறது. நான் அதைத் தாண்டித்தான் உள்ளே போய் வருகிறேன்.

பலகையை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவேன், தம்பி. நான் திருடினேன் என்றும், அது அவர்களுடையது என்றும் எழுதிக் கொடுக்க மட்டும் என்னால் முடியாது. உன் அத்தான் அடுத்தவர் பொருளில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றிப் போடாத மனிதர்.

வக்கீல் தினமும் போட்டோவைக் கேட்கிறார். கொடுத்தால் நான் ஜெயிப்பேனாம். அதில் நிற்பது நீ என்று ஒரு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். உன்னை மாட்டிவிட்டு அந்தப் பலகையின் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அதனால் போட்டோவை உனக்கே அனுப்பிவிட்டேன். இந்த உறையில்தான் இருக்கிறது. வேறு பிரதி கிடையாது. நான் படம் எடுத்தும் வைக்கவில்லை. கிழித்தாலும் சரி, வைத்துக்கொண்டாலும் சரி. இனி இது உன் பாடு.

அக்கா

*

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டப்பகலில் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் உறையை நான்கு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். ஐந்தாம் நாள் மேலாளர் அறைக்குப் போய்ப் போட்டோவை மேசையில் வைத்தேன்.

"என்ன இது?"

"நாப்பத்தொண்ணாவது கடை மேடம். பின்னாடி தேதி இருக்கு."

திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்பக்கம். பலகையைப் படித்தார். கம்பெனி தொடங்குவதற்குப் பதின்மூன்று வருடம் முந்தைய தேதி. அவருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

"ஏணி பக்கத்துல நிக்கறது..." என்று என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான்தான். அது எங்க அக்கா. மேல நிக்கறது அத்தான். இடுப்புல இருக்கிற குழந்தைதான் அந்தப் பேரைச் சொன்னது."

"அப்போ பெட்டகத்துல இருக்கற உங்க உறுதிமொழி?"

"பொய்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "இன்னும் பத்து நாள்ல கையெழுத்து ஆகப் போவுது. இதை ஏன் இப்ப கொண்டுவந்தீங்க? பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"அவங்ககிட்ட இருந்த ஒரே ஆதாரம் இதான் மேடம். அதை எனக்கே அனுப்பிட்டாங்க."

போட்டோவை எடுத்து ஒரு கோப்புக்குள் வைத்தார். பிறகு, "வெளில உக்காருங்க" என்றார்.

அதன்பிறகு மூன்று நாள் கேள்விகள். வக்கீல்கள், முதலாளி, வாங்கப்போகிற கம்பெனியின் ஆட்கள். ஒரே பதிலைப் பதினெட்டுத் தரம் சொன்னேன். முதலாளி மட்டும் எதையும் கேட்கவில்லை. கதவருகே நின்று, "அன்னிக்கே சொல்லியிருந்தா வேற பேரு வச்சிருப்போமேய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லாவற்றிலும் அதுதான் தாங்கவில்லை. எவ்வளவு சுலபமாக முடிந்திருக்கும்!

அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வரவேண்டாமாம். என்மேல் வழக்குப் போடலாம் என்று பேச்சு இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் லிப்ட் வரை வந்தார். கை கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல், மேலே போகும் பட்டனையும் கீழே போகும் பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டார்.

வீட்டில் சொன்னேன். உன் தம்பி பெண்டாட்டி அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "ஒம்பது வருஷமா பக்கத்துல படுத்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். அதற்குப் பிறகு சாப்பிட வா, கதவைச் சாத்து, இவ்வளவுதான் பேச்சு.

உன் கடைக்கு என்ன முடிவு செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இனி என்னிடம் யாரும் சொல்லமாட்டார்கள். தயவுசெய்து நீ எழுது.

தம்பி

*

ஆகஸ்ட் 7

தம்பிக்கு,

உன் மேலாளரம்மா கடைக்கு வந்திருந்தார். கூட ஒரு வக்கீல். நான் தெரு முனை வக்கீலைக் கூப்பிட்டு வைத்திருந்தேன். கடையில் இருப்பதே இரண்டு ஸ்டூல். இரண்டு வக்கீல்களும் உட்கார்ந்துகொண்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

தரையில் கிடந்த பலகையைப் பார்த்துவிட்டு அந்தம்மா, "ஏன் கழட்டிட்டீங்க?" என்றார். "நீங்கதானே சொன்னீங்க" என்றேன். அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது.

ஒரு காகிதம் கொண்டுவந்திருந்தார்கள். இது நீ எழுதியதைப் போல இல்லை. முதல் வரியிலேயே, இந்தப் பெயரை இருபத்திரண்டு வருடமாக, கம்பெனிக்கு முன்பிருந்தே நான் பயன்படுத்திவருகிறேன் என்று இருந்தது. என் கடைக்கும், எனக்குப் பிறகு பாப்பா நடத்தினால் அவளுக்கும், இந்தப் பெயர் எப்போதும் உண்டு. யாரும் தடுக்க மாட்டார்கள். பதிலுக்கு, கம்பெனி தன் பொருள்களுக்கு அதை வைத்துக்கொள்வதை நான் எதிர்க்கக் கூடாது. நோட்டீஸ் வாபஸ். தவறாகக் குற்றம் சாட்டியதற்கு வருத்தமும் தெரிவித்திருந்தார்கள். அந்த முதல் வரியை மூன்று தரம் படித்தேன். அத்தான் பெயரையும் அதில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள்.

நம்ம வக்கீல் ஒரு பெரிய தொகையைக் கேட்கச் சொல்லி என் காலை மிதித்துக்கொண்டே இருந்தார். நான் வேறொன்று கேட்டேன். "என் தம்பி மேல வழக்கு போடக்கூடாது. அதையும் இதுல எழுதுங்க."

"அது தனி விஷயம்மா. இந்தப் பத்திரத்துல வராது" என்றார் அவர்கள் வக்கீல்.

"அப்போ என் கையெழுத்தும் வராது."

அந்தம்மா வெளியே போய் யாரிடமோ அரை மணி நேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, "வழக்கு இல்ல. அதுக்குத் தனியா கடிதம் தரோம். வேலை மட்டும் திரும்பக் கிடைக்காது. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது" என்றார். அவரைப் பார்த்தால் அவருக்கே ஒரு மாதம் தூக்கம் தேவை போல இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது, கூச்சத்தோடு போனை நீட்டினார். "சார்ஜ் நிக்க மாட்டேங்குது. பாப்பீங்களா?" சார்ஜிங் பின் தளர்ந்திருந்தது. சால்டரிங் வைத்துக் கொடுத்தேன். வக்கீல் காரில் காத்திருந்தார். வேலை முடியும்வரை அந்தம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போனை வாங்கிக்கொண்டு, "உங்க தம்பி நல்லா வேலை செய்வார். அதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள். வீட்டில் அவளிடமும் காட்டு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வழக்கு வேண்டாம் என்றேன், அவ்வளவுதான்.

அக்கா

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நகலைப் பார்த்தேன். அவளிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. எனக்கும் தெரியவில்லை என்றேன். பிறகு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வேலை தேடுகிறேன். பெயர்களைப் பார்க்கிற வேலையாக இருக்கக் கூடாது என்பது மட்டும் முடிவு. ஒரு குடோனில் சரக்குச் சரிபார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. போன வருடம் ஒரு நோட்டீஸுக்குப் பதில் வந்தது. கேபிள் விற்கிற ஒரு பெரியவர். 'நாங்கள்தான் முதலில் வைத்தோம், இணைத்திருக்கும் ரசீதைப் பாருங்கள்' என்று எழுதியிருந்தார். அப்படித்தான் எல்லாரும் எழுதுவார்கள் என்று நினைத்து, ரசீதைத் திறக்காமலே 'நிராகரிப்பு' என்று போட்டேன். கடையை மூடிவிட்டார். வேலை போன பிறகு தினமும் அதுதான் நினைவு வருகிறது. அவர் சொன்னது உண்மையா பொய்யா என்றுகூட எனக்குத் தெரியாது.

மேலாளருக்கு அந்தக் கோப்பு எண்ணை எழுதி அனுப்பினேன். 'திறந்து பார்க்கிறேன்' என்று ஒரு வரி பதில் வந்திருக்கிறது. இன்னும் எத்தனை அப்படிக் கிடக்கின்றனவோ. ஞாபகம் வருகிறவற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொன்று.

அக்கா, குடோன் வேலை அடுத்த மாதம்தான். அதற்குள் ஒருமுறை உன்னைப் பார்க்க வரட்டுமா? பலகையைத் திரும்ப மாட்ட ஆள் வேண்டுமே. நான் ஒரு நாளில் திரும்பிவிடுவேன்.

தம்பி

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள தம்பிக்கு,

பெயின்டரே பலகையை மாட்டிவிட்டார். வரைபடத்திலும் கடை வந்துவிட்டது. உங்கள் சார்ஜரோடு வருகிறவர்களும் வழக்கம்போல வந்து சண்டை போடுகிறார்கள்.

அந்தப் பதினொன்றையும் விடாமல் எழுதி அனுப்பு. பன்னிரண்டாவது ஞாபகம் வந்தால் அதையும்.

இப்போது வராதே. வேண்டாம் என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம். நீ வாசலில் வந்து நின்றால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியும். மெலிந்துவிட்டாயே என்பேன். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வேன். சாப்பிட்டாயா என்று கேட்பேன். அதற்குப் பிறகு உன்மேல் கோபப்பட முடியாது. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கோபப்பட வேண்டியிருக்கிறது.

அதுவரை எழுது.

அக்கா